உரிமை குழந்தைக்கு; பணம் பள்ளிக்கு!

தில்லியில் அண்ணன் வீட்டில் தங்கிப் படித்து வருகிறேன். அண்ணன் மகனுக்கு வயது 7. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவன். அவனைப் பள்ளியில் சேர்க்க அண்ணியுடன் அலைந்த நாட்களில் நான் அறிந்தவற்றை நம் சங்க மலரில் எழுதுவது தகும் என எண்ணுகிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தில் தாராளத்துக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையவரெனச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகட்கு, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தம் விருப்பப்படி கட்டணமின்றிப் பயிலும் உரிமையை வழங்குகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோர்க்கும் வாய்ப்பிழந்தோர்க்கும் ஒதுக்கியது. 2012-இல் வந்த திருத்தம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் அதில் சேர்த்தது.

அந்த ஒதுக்கீட்டில் எங்கள் பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அப்பள்ளியில் சைகைமொழி அறிந்த ஆசிரியர் ஒருவரும் இலர். "குழந்தையை உட்கார வைத்துக்கொள்கிறோம்" என்றார் தலைமையாசிரியை. உட்காருவதற்கா பள்ளிக்கூடம்? சிறப்புப் பள்ளியோ நகரின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. ஆட்டோச் செலவு உண்டு. நாள்தோறும் துணைக்குச் செல்வதற்காக அண்ணி வேலையை விட்டார். இலவசக் கல்விக்கு எங்கள் வீடு கொடுக்கும் விலை, ஒருவருடைய சம்பளம்.

கோளாறு பணம் செல்லும் வழியில் இருக்கிறது. ஒதுக்கீட்டு இடத்திற்காக அரசு தனியார் பள்ளிக்கு ஈடு செய்யும் தொகை, அரசு தன் பள்ளிகளில் ஒரு குழந்தைக்குச் செலவிடும் சராசரி அளவைத் தாண்டாது. செவி கேளாத பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு! 'சமக்ர சிக்ஷா' திட்டம் சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்குகிறது. அதுவும் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகட்கே. சிறப்புப் பள்ளி நடத்தும் தொண்டு நிறுவனங்கட்கு மானியம் வேறோர் அமைச்சகத்தினின்று வருகிறது. பள்ளியைத் தேர்ந்தெடுப்பது குடும்பம். ஆனால் குழந்தை ஒரு வாயிலை விட்டு மறு வாயிலுக்குச் சென்றால், பணம் உடன் செல்வதில்லை.

"பெற்றோர் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டால் போதுமே" என்பார் உளர். போதாது. ஆசிரியரே இல்லாத ஊரில் அப்பணத்தைக் கொண்டு எந்தப் பள்ளியைத் தேர்வது? தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டுமென 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. அருகிலுள்ள பள்ளியில் அந்த ஆசிரியர் இருக்க வேண்டும். குழந்தையின் தேவைக்கேற்ற தொகை குழந்தையோடு செல்லவும் வேண்டும். இவ்விரண்டும் கூடினாலன்றி 'விருப்பப்படி' என்ற சொல் ஏட்டுச் சுரைக்காயே.

நண்பர்களே, இத்தலைநகரில் இந்தி அறியாத தமிழ்த் தாய்மார் சான்றிதழுக்கும் விண்ணப்பத்திற்கும் அலுவலகம் அலுவலகமாக அலைகின்றனர். நம்மிடையே சட்டம் பயில்வோர் உண்டு; இந்தி நன்கறிந்தோரும் உண்டு. சேர்க்கைக் காலத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் சங்க அறையில் இக்குடும்பங்கட்கு உதவுவோம். அடுத்த பொதுக்குழுவில் இதனை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். உடன் உழைக்கப் பலர் வேண்டும்.