மணமேல்குடி மணலில் நடக்கலாம் வாங்க!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பலரும் மணமேல்குடியை ஒரு டீயோடு தாண்டிப் போய்விடுவார்கள். 63 நாயன்மார்களில் ஒருவரும், பாண்டியன் நின்றசீர் நெடுமாறனின் அமைச்சருமான குலச்சிறையார் பிறந்த ஊர் இது. நான் போனது நடப்பதற்காக.

ஆறு வருடங்களுக்கு முன் என் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். சில மாதங்களில் எலும்பு கூடிவிட்டது. பயம் மட்டும் கூடவே தங்கிவிட்டது. வீட்டு டைல்ஸ் தரையில் தைரியமாக நடப்பேன். மேடு பள்ளம் வந்தால் போதும், கை தானாக யார் தோளையாவது தேடும்.

இதற்குக் காரணம் உண்டு. கணுக்காலின் தசைநார்கள் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அடிபட்டால் அந்தச் சேதி மங்கிவிடும். பழக்கினால் திரும்ப வரும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்ததை விடாமல் செய்தேன். அடுத்த வகுப்புதான் மணல்.

மணமேல்குடிக் கடல் சாது. எதிரே இலங்கை அரணாக நிற்கிறது. பாக் விரிகுடாவின் ஆழமும் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். மெரினாவைப் போல அலை வந்து காலை வாரிவிடாது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் என் நடையைப் பார்த்துவிட்டு, “அக்கா, மேல நடந்தா காலு பொதையும். தண்ணி ஓரமா ஈரத்துல நடங்க” என்றார்.

அனுபவம் சொன்னது அது. 1998-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: கெட்டித் தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் அதிகமான சக்தி செலவாகிறது. அதனால் முதல் நாள் ஈரமணலில் பத்தே நிமிடம். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன தூரமே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் கணக்கு சரியாகிவிடும். மூன்றாம் நாள், காய்ந்த மணலில் இருபது அடி. கால் புதைந்தது, ஆடியது, ஆனால் மடங்கவில்லை. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

தரைக்கேற்ற கால் வேண்டும் என்று யோசித்துச் செய்யப்பட்டதுதான் ஜெய்ப்பூர் கால். ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் உருவாக்கியது. வயல் வரப்பில் வெறுங்காலோடு நடக்கவும், சம்மணம் போட்டு உட்காரவும் வளைந்து கொடுக்கும். 1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், அந்தக் காலோடுதான் 1984-ல் மறுபடி மேடையேறி ஆடினார். அவர் பட்டதற்கு முன்னால் என் தகடும் ஸ்க்ரூவும் எம்மாத்திரம்!

ஊர் திரும்பும் முன் பக்கத்துத் தாலுகாவான ஆவுடையார்கோயிலுக்குப் போனேன். மாணிக்கவாசகர் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில். மூலவருக்கு லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டுமே. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நைவேத்தியம். கல்லில் கம்பியும் ஆணியும் வைத்ததுபோலச் செதுக்கிய கொடுங்கைக் கூரையைப் பார்க்கத்தான் ஊர் ஊராக வருகிறார்கள். கணுக்கால் ஆபரேஷன் ஆனவர்கள் எப்போதும் தரையைப் பார்த்தே நடப்போம். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நாலு எட்டு வைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக பஸ்ஸில் வரலாம். அறந்தாங்கியில் ரயில் நிலையமும் உண்டு. மழைக்காலம் முடிந்து ஜனவரி முதல் மார்ச் வரை காலை நேரம் சுகம். ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மணலில் இறங்குங்கள். மறுநாள் காலையில் கணுக்கால் வீங்கியிருந்தால் அன்றைக்கு லீவு. இல்லாவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.