ஸ்கின் கலர் என்பது யாருடைய கலர்?

முழு ஆண்டு விடுமுறை விட்டதும் அக்காவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வயது 8. திருப்பூர்ப் பக்கம் எங்கள் வளவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். எங்களில் ஒருத்தி ஓவர்லாக் டெய்லர், ஒருவன் செக்கிங். கடைசித் தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் வளவுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாக்கு கட்டிங் வேஸ்ட்டைத் திண்ணையில் கொட்டி, "வா கண்ணு, பொம்மை தைக்கலாம்" என்று உட்கார்ந்தோம். கொஞ்ச நேரமாவது அவள் கையிலிருந்து போன் இறங்கட்டுமே என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் இல்லை.

துணிப் பொம்மை தைப்பது பெரிய வித்தை இல்லை. துணியை இரண்டாக மடித்து, தலை, கை, கால் எல்லாம் சேர்ந்த ஓர் உருவத்தைச் சாக்பீஸால் வரைய வேண்டும். கோட்டிலிருந்து அரை விரல் தள்ளி வெட்ட வேண்டும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துச் சுற்றிலும் தைத்து, இடுப்போரம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் விட வேண்டும். கழுத்து, அக்குள் வளைவுகளில் தையல் அறுந்துவிடாமல் சின்னச் சின்னதாகக் கத்தரி போடாவிட்டால் புரட்டும்போது சுருங்கிவிடும். பிறகு புரட்டி, பென்சிலால் குத்திக் குத்திப் பொடித்துணியை அடைத்து வாயைத் தைத்துவிட்டால் உடம்பு தயார். பனியன் துணியைக் கீற்றாக வெட்டி இழுத்தால் தானே சுருண்டுகொள்ளும். அதுதான் முடி. எங்கள் முடி மாதிரியே சுருட்டை. கண்ணுக்குப் பட்டன் வைத்தால் கைக்குழந்தைகள் பிய்த்து விழுங்கிவிடும், அதனால் கறுப்பு நூலால் தைத்தோம்.

உடம்புக்கு எந்தத் துணி என்று கேட்டபோது அவள் குவியலைக் கிளறி ஒரு துண்டை எடுத்தாள். "இதுதான் ஸ்கின் கலர்."

வெளிறிய இளஞ்சிவப்புத் துணி. கம்பெனியிலும் அதற்கு அதுதான் பெயர். ஜாக்கெட் துணிக் கடையிலும் அதே பெயர்தான். பள்ளிக்கூடத்துக் கிரேயான் பெட்டியில் நாங்களும் அந்தக் குச்சியை அப்படித்தான் கேட்டு வாங்கினோம். எங்களில் ஓவர்லாக் தைப்பவள் பதினோரு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் துணியைக் கேட்டு வாங்குகிறாள். அன்றைக்குத்தான் தன் கையை அந்தத் துணியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது யாரோட ஸ்கின் கண்ணு?"

குழந்தை தன் கையையும் வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பொம்மைன்னா வெள்ளையாத்தான் இருக்கும்."

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியர், 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள் முன்னால் நான்கு பொம்மைகளை வைத்தார்கள். நிறம் தவிர எல்லாம் ஒரே மாதிரி. எது நல்ல பொம்மை, எது பார்க்கக் கெட்ட பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். கடைசிக் கேள்விக்குச் சில குழந்தைகள் அழுதார்கள். 1947-இல் வெளியான ஆய்வு அது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் எழுத்தையும் மேற்கோள் காட்டியது. இதைப் படித்தபோதெல்லாம் எங்கோ நடந்த கதை என்றே நினைத்திருந்தோம். எங்கள் திண்ணையிலும் அதே பதில் வந்தது.

அன்று அவள் ஸ்கின் கலரில்தான் தைத்தாள். நாங்கள் தடுக்கவில்லை. எட்டு வயதுக் குழந்தையிடம் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு அரசியல் பேசினால், அரசியல்தான் அவளுக்குப் பிடிக்காமல் போகும்.

மறுநாள் அவளே கேட்டாள்: "தாத்தா பொம்மை செய்யலாமா?" தாத்தாவுக்கு ஸ்கின் கலர் துணி ஆகாது என்று அவளுக்கே தெரிந்தது. காப்பிக் கலர், மெரூன், கறுப்பு என்று நாலைந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு, நூல் கோத்த ஊசியோடு, கட்டிலில் படுத்திருந்த எங்கள் அப்பாவிடம் போய் அவர் கையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அப்பா துணியைப் பார்க்கவில்லை. ஊசியைத்தான் பார்த்தார்.

"அதைக் கீழே வை. இந்த ஊசிய விடறதுக்குத்தானே உங்களையெல்லாம் படிக்க வெச்சேன்?" என்று எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

நாங்கள் அருந்ததியர். அப்பாவின் அப்பா, கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் வால் தைத்துக் கொடுத்தவர். தோட்டங்களுக்கு மோட்டார் வந்ததும் அந்த வேலை போனது. அப்பா பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்பு தைக்க உட்கார்ந்தார். அவருடைய தோல் பையை எங்களில் யாரையும் தொடவே விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பானால், "உனக்கெதுக்குக் கணக்கு, அப்பன்கூட உட்காரப் போறவன்தானே" என்று கேட்ட வாத்தியார் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வந்து அழுத நாள் முதல் அந்தப் பை பரண்மேல் ஒளிந்துகொண்டது. பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீட்டில் அதைத் திறப்பார்.

ஓவர்லாக்கும் ஊசிதானே, அதற்கு ஏன் கோபப்படவில்லை என்று கேட்டோம். "அங்க எல்லாச் சாதியும்தான் தைக்குது" என்றார்.

எங்கள் அப்பா மூன்றாம் வகுப்பு. ஆனால் இந்த ஒரு வரியில் பெரிய வாதம் ஒன்று இருக்கிறது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகு என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடினார். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது ஒழிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். செருப்பு தைப்பதும் அதில் உண்டு, பொம்மை செய்வதும் உண்டு. குடும்பத் தொழிலாகச் செய்து வருபவர்களுக்கே என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லி, 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அதை இப்போதுள்ள வடிவில் ஏற்க மறுத்தது. கடனும் கருவியும் கொடுப்பது நல்லதுதானே என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கொடுக்கட்டும். ஆனால் கொடுக்கும்போது "உன் அப்பன் என்ன செய்தான்?" என்று எதற்குக் கேட்க வேண்டும்? வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது வேறு, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரித்து வைப்பது வேறு என்பதை அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் நாம் கைவேலையே செய்யக் கூடாதா? இதற்குப் பதில் எங்களிடம் இல்லை. அப்பாவிடம் இருந்தது.

நாலாம் நாள் தாத்தா பொம்மையின் கை தோளோடு பிய்ந்து வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டு அவரிடமே போனாள். அப்பா வெகுநேரம் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பரணிலிருந்து பையை எடுக்கச் சொன்னார். நாங்கள் மூவரும் அந்தப் பையை வெளிச்சத்தில் பார்த்தது அன்றுதான்.

நூலில் மெழுகு தேய்த்தார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. "ஒரு இழை அறுந்தாலும் இன்னொண்ணு பிடிச்சிருக்கும்" என்றார். அவளுக்குச் சொல்லித் தந்தார். வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுப் பையனையும் உட்காரச் சொல்லித் தந்தார். கை இப்போது பிடுங்கினாலும் வராது.

முடித்துவிட்டு அவளிடம் சொன்னார்: "தெரிஞ்சு வெச்சுக்கோ கண்ணு. ஆனா இதுதான் உன் வேலைன்னு எவனாவது சொன்னா, செய்யாதே."

மாலை வகுப்புகள் நடத்தும் தோழர்களே, கைவேலை வகுப்பு வைத்தால் பையன்களையும் ஊசி கோக்க வையுங்கள். எந்தப் பிள்ளையிடமும் அப்பாவின் தொழிலைக் கேட்டு வேலை பிரிக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய கைத்திறனைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் சொல்ல மறுத்தால் அந்த மறுப்பையும் மதியுங்கள். அதன் பின்னால் ஒரு பரண் இருக்கும்.

விடுமுறை முடிந்து அவள் ஊருக்குப் போகும்போது இரண்டு பொம்மைகளையும் எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளைப் பொம்மையை விட்டுவிட்டுப் போவாள் என்று எதிர்பார்த்தோம். அப்படி நடக்கவில்லை. அதற்கு இன்னும் நாளாகும்.

எங்களில் ஒருத்திக்கு மட்டும் ஒரு மாற்றம். போன வாரம் கம்பெனியில் சூப்பர்வைசர், "அந்த ஸ்கின் கலர் கட்டை எடும்மா" என்றாராம்.

"எந்த ஸ்கின்னுங்ண்ணா? என்னோடதா, உங்களோடதா?"

லைன் முழுக்கச் சிரித்ததாம். சூப்பர்வைசர் தன் கையைப் பார்த்துக்கொண்டாராம்.

ஜெய்பீம்!