சேசிஸ் வேலை செய்தது யார்?

போன வாரம் வாசிப்பு வட்டம் முடிந்ததும் ஒரு தம்பி தனியாக வந்து கேட்டான். "அண்ணா, ஐடிஐயில வெல்டர் முடிச்சேன். ஒரகடத்துல கான்ட்ராக்ட்ல எடுத்துக்கிட்டாங்க. ஆனா வெல்டிங்கே குடுக்கல. ரோபோவுக்குத் தகடு எடுத்து வைக்கிறேன். எட்டு மாசமாச்சு. நான் வெல்டரா, இல்லையாண்ணா?"

அன்று அவனுக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் பல பேருக்கு இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் இருந்தேன். கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஓர் ஆலையில் மூன்று வருடம். அடையாள அட்டையில் 'வெல்டர்'. டார்ச்சைக் கையில் பிடித்ததே இல்லை. ஒப்பந்தம் முடிந்த அன்று கேட்டிலேயே அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அங்கே வேலை செய்தேன் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட என்னிடம் இல்லை.

எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. சிப்காட் வந்தபோது நிலம் விற்றவர்கள் வாடகை வீடு கட்டினார்கள், கம்பெனிக்கு வேன் விட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது கேட் பாஸ். இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதியது 1891இல், இந்த மாவட்டத்தைப் பார்த்துத்தான். அடுத்த வருடம் பஞ்சமி நிலத்துக்கு வழி பிறந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியதற்காக 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நிலம் இல்லாதவனுக்குக் கைத்தொழில் ஒன்றுதான் கையிருப்பு. அதற்கும் சான்று இல்லையென்றால்?

வாலாஜாபாத் சாலையில் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த தாய்மாமாவிடம் போய்ச் சேர்ந்தேன். சில மாதத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேலை வந்தது. இளையவர்களுக்கு அந்தக் காரைத் தெரிந்திருக்காது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று ஓடிய வண்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதை இங்கே செய்தது. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம்தான் ஆலை. ஹெரால்டுக்குப் பிறகு கெசல் வந்தது, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அது எடுபடாமல் 80களின் கடைசியில் கம்பெனியே மூடிப்போனது. இன்று இந்தப் பகுதியைக் கார் நகரம் என்கிறார்கள். அதற்கு முன்பே இங்கே கார் செய்த கைகள் இருந்தன.

இன்றைய கார்களில் பாடியே பாரம் தாங்கும். ஹெரால்டு அப்படியில்லை. கீழே தனி சேசிஸ், அதன் மேல் பாடியை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். நடுவில் நீளமாக இரண்டு பெட்டிச் சட்டம். அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் அவுட்ரிக்கர்கள். தண்ணீரும் சேறும் தேங்கி முதலில் துருப்பிடிப்பது அந்தக் கைகள்தான். வெளியே பெயின்ட் பளபளக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும்.

வண்டி நகரும் நிலையில் இல்லை. உரிமையாளர் வீட்டு வாசலிலேயே வேலை. சிலிண்டரையும் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போனோம். முதல் நாளே அவர், "எந்த ஊரு? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். மாமா மறைக்கவில்லை. மறுநாளிலிருந்து டிங்கரிங் வேலைக்கு வந்தவருக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி, எங்களுக்குப் பேப்பர் கப். அரசியலமைப்பின் 17வது பிரிவு 1950இலிருந்து நடப்பில் இருக்கிறது. அந்த வாசலுக்கு அது வந்து சேரவில்லை.

மாமா காபியைத் தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றினார், பெட்ரோல் டேங்கை இறக்கினார். சேசிஸ் தொங்காமல் பல இடத்தில் முட்டுக் கொடுத்தார். குறுக்கு மறுக்காக அளந்து சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதினார். "கதவைக் கழட்டாத. கதவு இடுக்கு மாறுச்சுன்னா சட்டம் முறுக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

துருவை வெட்ட ஆரம்பித்தபோது தகராறு வந்தது. "ஏன் வெட்டுற? மேல ஒரு பட்டை வச்சுப் பத்தவச்சிடு. அடியில யார் பாக்கப்போறா? பட்டி பாத்துப் பெயின்ட் அடிச்சா போச்சு" என்றார் உரிமையாளர்.

மாமா கிரைண்டரைக் கீழே வைத்தார். "துருமேல வெல்டிங் நிக்காது சார். நடுவுல தண்ணி நிக்கும், ரெண்டு மழையில புதுத் தகடும் போயிடும். இதுல உங்க பேரப்பிள்ளைங்க உக்காரும். எனக்கு அந்த வேலை வேணாம்."

அவர் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினோம். 16 கேஜ் தகட்டில், அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனத்தில், புது அவுட்ரிக்கர் மடித்தோம். முதலில் டேக் மட்டும், பிறகு மறுபடி அளவு. இந்தப் பக்கம் ஒரு அங்குலம், ஆறவிட்டு அந்தப் பக்கம் ஒரு அங்குலம். ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் சட்டம் வளையும். ஆற்றுவதற்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. பலப்படுத்தும் தகட்டின் முனையைச் சதுரமாக விடாமல் கூராக வெட்டச் சொன்னார். வெல்டிங் கோடு சட்டத்தின் குறுக்கே நேராகப் போனால், பாரம் முழுவதும் அந்தக் கோட்டில் விழுந்து அங்கேயே விரிசல் விடும். தண்ணீர் வடிய ஓட்டை விட்டு, கடைசியில் பெட்டிக்குள் எண்ணெய் அடித்தோம்.

எனக்கு மாமா மேல் கோபம். "பேப்பர் கப்புல குடுக்குறவனுக்கு இவ்வளவு நல்ல வேலையா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "வேலை நல்லா இருக்குறது அவனுக்காக இல்ல. கணக்கை இனிமேதான் கேக்கப்போறேன்."

கடைசி நாள் பேசிய கூலியை வாங்கிவிட்டு, ஒரு தாளை நீட்டினார். என்னென்ன வெட்டினோம், என்னென்ன புதிதாகச் செய்தோம் என்ற பட்டியல். கீழே, சேசிஸ் வேலை செய்தவர்கள் என்று எங்கள் இருவரின் முழுப்பெயர். "கையெழுத்து போடுங்க சார்." அவர் தாளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "எதுக்கு இதெல்லாம்?" என்றார். மாமா நகரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. போட்டார்.

பிறகு அந்த வண்டி ஒரு கண்காட்சியில் நின்றது. பெயின்ட் அடித்தவர் பெயர் அட்டையில் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. அந்தத் தாளும், நான் போனில் எடுத்த படங்களும்தான் அடுத்த பட்டறையில் எனக்கு வெல்டர் கூலியை வாங்கித் தந்தன.

தொழிலை மதி, உழைப்பே தெய்வம் என்ற உபதேசம் நம்மிடம் மட்டும் தாராளமாகச் சொல்லப்படுகிறது. அதில் ஏமாறாதீர்கள். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குகிறது என்று 1936இலேயே பாபாசாகேப் விளக்கினார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் நம் மக்களைச் சேர்க்கவில்லை. நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும், எச்சில் தீட்டு என்பது காரணம். ரோபோவுக்குத் தீட்டு தெரியாது. ஆனால் உங்கள் ஆலையில் நிரந்தரம் யார், கான்ட்ராக்ட் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

தம்பிக்கு என் பதில் இதுதான். திறமை வேண்டும், அது மட்டும் போதாது. சம்பளச் சீட்டு, பிஎஃப் எண், இஎஸ்ஐ எண் மூன்றையும் இன்றே கேட்டு வாங்கு. ஐடிஐ சான்றிதழைப் பத்திரமாக வை. ஐடிஐ போகாமல் பட்டறையிலேயே கற்ற அண்ணன்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்ற ஆர்பிஎல் வழி இருக்கிறது, எடுத்துச் சொல். செய்த வேலையை எல்லாம் தேதியோடு படமெடுத்து வை. சங்கம் இருந்தால் சேர். கண்ணாடி போடாமல் பற்றவைக்காதே. இரவில் கண்ணில் மணல் போட்டதுபோல் எரியும் வேதனையை நான் அனுபவித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வா. இரண்டு துண்டுத் தகடு தருகிறேன், பற்றவை. வைஸில் வைத்து வளைத்துப் பார்ப்போம். விரிசல் விடவில்லையென்றால் நீ வெல்டர். விட்டால் மறுபடி பற்றவைப்போம்.

ஜெய் பீம்.