சமய அனுபவமும் அதன் சான்றும்

1896ஆம் ஆண்டு மதுரையில், நோயேதுமற்ற 16 வயது மாணவனான வேங்கடராமனை மரணபயம் திடீரெனப் பற்றியது. அவன் பிணம்போற் கிடந்து, இறப்பது யாது என்று தன்னுள்ளே வினவினான். உடல் அழியினும் 'நான்' அழிவதில்லை என்பது அனுமானமாகவன்றி நேருணர்வாகவே புலப்பட்டதாகப் பின்னர் கூறினான். ரமண மகரிஷி எனப் போற்றப்பட்டவர் இவரே.

இதனைப் பிறர் நம்புவது எங்ஙனம்? 1901-1902இல் எடின்பரோவில் விரிவுரையாற்றிய வில்லியம் யேம்ஸ், இத்தகைய அனுபவம் பெற்றவரை அது கட்டுப்படுத்தும், பெறாதவரைக் கட்டுப்படுத்தாது என்றார். மூளையின் தொழிற்பாட்டைக் காட்டி அதனைப் பொய்யென ஒதுக்குதல் பொருந்தாது. கணிதத் தேற்றத்தை உணரும்போதும் மூளை தொழிற்படவே செய்கின்றது. எனினும் உறுதியுணர்வு மாத்திரம் உண்மைக்குச் சான்றாகாது. ரமணர் அழியாத 'நான்' ஒன்றைக் கண்டார். பௌத்த தியானிகளோ, அத்தகைய 'நான்' இல்லையென்பதையே அதே உறுதியுடன் கண்டதாகக் கூறுவர்.

எஞ்சுவது வாழ்க்கை. அவ்வாண்டே திருவண்ணாமலை சென்ற ரமணர் அவ்விடம் விட்டகலவில்லை. 1950இல் புற்றுநோயால் இறக்கும்வரை அவரது அமைதி குலையவில்லை என உடனிருந்தோர் எழுதியுள்ளனர். இம்மாற்றம் அனுபவம் போலியன்று என்பதைக் காட்டும். அதன்மீது எழுப்பப்படும் கோட்பாடோ வேறு சான்றுகளால் நிறுவப்படல் வேண்டும்.