டிஸ்க் செத்துப்போச்சு... பில் தேதி என்ன?

போன் ஹேங் ஆனா என்ன பண்ணுவீங்க? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க, இல்லேன்னா ரெண்டு தட்டு தட்டுவீங்க. அதே வைத்தியத்தை ஆஸ்பத்திரி, பேங்க்ல இருக்கிற ஸ்டோரேஜ் பெட்டிக்குப் பண்ணினா... கதை கந்தல்!

நான் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ஸ்டோரேஜ் சப்போர்ட் சென்டர் ஒண்ணுல இன்டர்ன்ஷிப். காதுல ஹெட்செட் உண்டு, பேச பெர்மிஷன் கிடையாது. (நான் பேசாம இருக்கேன்னா வீட்டுல நம்ப மாட்டேங்கிறாங்க!) அதுல ஒரு நைட் ஷிஃப்ட் காலை மட்டும் உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

கூப்பிட்டது ஒரு ஆஸ்பத்திரியோட ஐ.டி. ஆள். எட்டு டிஸ்க் பெட்டியில ஒண்ணு அவுட். உள்ளே இருக்கிறது பேஷன்ட்களோட ஸ்கேன் படங்கள். "ஸ்பேர் கையில ரெடியா இருக்கு மேடம், மாத்திடவா?"னு பறக்கிறார். எங்க சீனியர் அக்கா நிதானமா, "எதையும் தொடாதீங்க சார். லாக் அனுப்புங்க. டிஸ்க் எல்லாம் எப்போ வாங்கினது?"

"வீடு பத்தி எரியுது, பில் தேதி கேட்கிறீங்களே!"

அவர் கோபம் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. மியூட் போட்டுட்டு அக்கா சொன்ன காரணத்தைக் கேளுங்க.

2019 நவம்பர்ல ஹெச்.பி.இ. கம்பெனி ஒரு எச்சரிக்கை விட்டது. அவங்க வித்த சில எஸ்.எஸ்.டி. மாடல்கள், மொத்தம் 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துடும். டேட்டாவும் திரும்பாது. அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். காரணம், ஃபர்ம்வேர் கோளாறு. நம்பரைப் பார்த்ததும் பொறி தட்டுதா? 2-ன் 15-ம் அடுக்கு! டர்போ சி-ல இன்ட் 32,767-ஐத் தாண்டினா மைனஸுக்குள்ள குதிக்குமே, அதே எல்லைக்கோடு.

ரெய்டு 5-ல ஒரு டிஸ்க் போனாலும் மிச்சத்தை வெச்சு மீட்டுடலாம்னு பரீட்சையில எழுதறோம். ரெண்டு போனா? ஒரு ஈக்வேஷன், ரெண்டு அன்னோன்! ஒரே நாள்ல வாங்கி, ஒண்ணா சுவிட்ச் போட்ட டிஸ்க்குங்க ஒரே மணி நேரத்துல மண்டையைப் போட்டா ரெய்டு என்ன பண்ணும், பாவம்? 2020 மார்ச்ல வேற சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம்னு இன்னொரு எச்சரிக்கை. ரெண்டுக்குமே மருந்து, கெடு வர்றதுக்குள்ள ஃபர்ம்வேரை அப்டேட் பண்றதுதான்.

லாக் வந்தது. அந்த வில்லங்கம் இல்லை, சாதாரண சாவு. போனது ஸ்லாட் 3. "மூணாவதைப் பிடிச்சுட்டேன், உருவறேன்"கிறார் அவர்.

"சார்... நில்லுங்க!"

அக்கா குரல் உயர்ந்து நான் கேட்டது அன்னிக்குத்தான். அந்தப் பெட்டியில ஸ்லாட் நம்பர் 0-ல ஆரம்பிக்குது. அவர் பிடிச்சிருந்தது நல்ல டிஸ்க்கை! அவரையே கமாண்ட் அடிக்க வெச்சு, மிச்ச ஏழோட விளக்கையும் சிமிட்ட வெச்சாங்க. சிமிட்டாம நின்னதோட சீரியல் நம்பரை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாங்க. அப்புறம்தான், "இப்போ எடுங்க."

புது டிஸ்க் போட்டதும் நிம்மதின்னு நினைக்காதீங்க. ரீபில்டு ஓடும்போது மிச்ச ஏழையும் மூலை முடுக்கு விடாம படிச்சாகணும். ரொம்ப நாளா யாரும் தொடாத இடத்துல ஒரு பேட் செக்டார் இருந்தா, தலை காட்டறது அப்போதான். 41... 42...னு சதவிகிதம் நகருது. அக்காவோட டீ ஆடை கட்டிடுச்சு.

விடிஞ்சப்போ 100. "தேங்க்ஸ் மேடம், டென்ஷன்ல கத்திட்டேன்"னார்.

"பரவாயில்லை சார். பேக்கப்பைக் கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?"

லைன்ல கொஞ்ச நேரம் அவர் மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு.