ஹெரால்டும் போர் தண்ணியும்

பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்ரூம் பக்கெட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். ஷவரில் நாற்பது ஓட்டை இருந்தால் ஆறில்தான் தண்ணீர் வரும். அந்த ஆறிலும் நாலு, சுவரைக் குளிப்பாட்டும். எல்லாம் போர் தண்ணீரின் கைங்கரியம்!

இந்தப் பக்கத்துப் பாறை சாதாரணப் பாறை இல்லை. கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துக் கல்தான். அவர் பெயரையே வைத்து சார்னோக்கைட் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அந்தக் கெட்டிப் பாறையைத் துளைத்து, மோட்டார் போட்டு, நாம் மேலே கொண்டுவருவது என்னவோ உப்புத் தண்ணீர். குடிக்க கேன். குளிக்க போர். தலைமுடி போனால் தாம்பரத்து மாப்பிள்ளை என்று அர்த்தம்.

மனிதர்கள் பாடு இது. இதே தண்ணீரை ஒரு கார் நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தால்?

சேலையூரில் என் பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. 1969 மாடல், நாலு கதவு, 948 சி.சி. ரயில்வே சம்பளத்தில் 1979-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. நான் பி.காம். படித்தபோது தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. அந்தக் கணக்குப்படி இந்தக் காரின் மதிப்பு இன்றைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இதைப் பெரியப்பாவிடம் சொன்னால், "உங்க காலேஜ் கணக்குல அப்பா அம்மாவுக்கு எவ்வளவு தேய்மானம்?" என்பார்.

ஹெரால்ட் நம்ம ஊர்க்காரர். வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கைகோத்து 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை, வண்டலூருக்கு முன்னால் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது. முதலில் வேன்கார்ட். பிறகு எட்டு, பத்து என்று மார்க் ஷீட் மாதிரி பெயர் வைத்த கார்கள். 1961-ல் ஹெரால்ட். எழுபதுகளில் கெஸல். 1985-ல் வெளியே ரோவர், உள்ளே வேன்கார்ட் காலத்து எஞ்சின் என்று ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. பட்டு வேட்டி கட்டிவிட்ட பழைய மாப்பிள்ளை! 1988-ல் கார் உற்பத்தி நின்றது. ஹூண்டாயும் ஃபோர்டும் சென்னையைத் தேடி வந்ததெல்லாம் தொண்ணூறுகளில். அதற்கு நாற்பது வருஷம் முன்பே கார் செய்த ஊர் பெருங்களத்தூர் என்று அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் சொன்னால், நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

போன வருஷம் இந்த ஹெரால்டுக்கு வந்தது வியாதி. சேலையூரில் கிளம்பினால் இரும்புலியூர் தாண்டாது. கொதித்து, மூடி வழியாகப் புஸ்ஸென்று ஆவி விடும். பிறந்த வீட்டுக்குப் போகிற வழியில் பாதியில் மயக்கம்! ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய தேதியும் நெருங்கிவிட்டது. பெங்களூரில் இருக்கிற அண்ணன் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான். "ஆடி முடியறதுக்குள்ள சரியாகலேன்னா காயலான் கடைல போட்டுடலாம்ப்பா. ஆள் பார்த்து வெச்சிருக்கேன்." பெரியப்பா பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை என்று பெரியம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஷெட். மெக்கானிக்குக்கு அறுபதைத் தாண்டிய வயசு. ஹெரால்டின் பானெட்டை அவர் திறப்பதே ஒரு காட்சி. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். அவர் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தபடியே வேலை பார்ப்பார். இப்போது வரும் கார்களில் எஞ்சினைப் பார்க்கவே மேல்மூடி ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, பிளாக்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"தண்ணி இல்லையாண்ணே?"

"தண்ணி இருக்கு தம்பி. வழிதான் இல்ல." ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். முதலில் பழுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அப்புறம் காபி டிகாக்ஷன் மாதிரி தண்ணீர்.

விஷயம் இதுதான். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கும்போது சூடு இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டும். வார்ப்பிரும்போ 1,200 டிகிரிக்குள் உருகிவிடும். கண் இமைக்கும் நேர வெடிதான் என்றாலும், அந்த இரும்பைக் காப்பாற்றுவது சிலிண்டர்களைச் சுற்றி ஓடுகிற தண்ணீர். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் ஒட்டுகிற அதே சமாசாரம். இரும்பைவிடப் பல மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்தும். கூடவே துருவும் சேர்ந்தால் சிமெண்ட் பூசியது போலத்தான்.

இதற்கு என் பி.காம். மூளையில் ஒரு கணக்கு ஓடியது. ஒழுகுகிற பழைய ரேடியேட்டருக்கு தினம் அரை லிட்டர் ஊற்றுகிறோம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 180 கிராம். பத்து வருஷத்தில் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல்! தண்ணீர் ஆவியாகச் செலவு, உப்பு மட்டும் இருப்பு. அத்தனையும் ஒட்டாது, ஒழுகுவதில் கொஞ்சம் வெளியேறும். ஆனாலும் ஆடிட்டர் பார்த்தால் மயங்கி விழுவார்.

பிளாக்கின் பக்கவாட்டில் பழைய ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டத் தகடு மூடிகள் உண்டு. தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்காமல் இருக்கத்தான் இவை என்று பலர் சொல்வார்கள். தாம்பரத்தில் எப்போது உறைந்தது? உண்மையில், பிளாக்கை வார்க்கும்போது உள்ளே வைத்த மண் அச்சை உதிர்த்து எடுப்பதற்கான ஓட்டைகள் அவை. மெக்கானிக் அந்த மூடிகளைத் தட்டி எடுத்தார். மேலே ஹெட்டையும் கழற்றினார். பழைய துணியைச் சுருட்டி எண்ணெய் போகிற ஓட்டைகளை எல்லாம் அடைத்தார். அப்புறம் பழைய கிளட்ச் கேபிளின் முனையைப் பிரித்து, உள்ளே விட்டுச் சுழற்ற ஆரம்பித்தார்.

முதல் சிலிண்டர் சுலபம். இரண்டு, மூன்று பரவாயில்லை. நாலாவதில் கேபிள் நுழையவே இல்லை.

"பம்ப் முன்னாடி இருக்குல்ல தம்பி. கடைசி சிலிண்டருக்கு வேகம் இல்லாத தண்ணிதான் வரும். சேறு பூரா அங்க போய் ஒக்காரும்."

கடைமடை விவசாயி கதைதான்! காவிரியில் எவ்வளவு திறந்தாலும் கடைசி வயலுக்கு வந்து சேருவது வண்டல்.

நாலாவதில் ஒரு விரிசல் இருந்தால் கதை முடிந்தது. பிளாக் கடையில் கிடைக்காது. புதுப்பேட்டையில் இன்னொரு செத்த ஹெரால்டைத் தேட வேண்டும். பெரியப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள். கேபிள் போகும், கொஞ்சம் சேறு வரும், குழாயில் தண்ணீர் அடிப்பார், மறுபடி கேபிள். வெளியே வந்ததைப் பையன் ஒரு டால்டா டப்பாவில் சேர்த்தான். நிரம்பிவிட்டது. கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெக்கானிக் சொன்னது ஒரே வார்த்தை. "சுத்தம்." பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

மிச்சம் சுலபம். ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தகட்டை விட்டுத் துடைத்து, மறுபடி ஈயம் வைத்தார்கள். புது கேஸ்கெட் போட்டு ஹெட் ஏறியதும், வெந்நீரில் எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றி அரை மணி ஓடவிட்டு வடித்தார். சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு அலசல். அப்புறம் வெளிவருகிற தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகும்வரை ஹோஸ். எப்போதும் தண்ணீர் ஓடுகிற திசைக்கு எதிர்த் திசையில் அடிக்க வேண்டுமாம். சேறு வந்த வழியேதான் திரும்பிப் போகும். ஒரு எச்சரிக்கை: அலுமினியம் ஹெட் வைத்த கார்க்காரர்கள் யார் பேச்சையாவது கேட்டு காஸ்டிக் சோடா ஊற்றிவிடாதீர்கள். அலுமினியத்தையே தின்றுவிடும்.

கடைசியாக பேட்டரி தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றினார். யாரோ எப்போதோ பிடுங்கி எறிந்த தெர்மோஸ்டாட்டையும் மாட்டினார். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று தூக்கிப் போடுவது இங்கே வழக்கம். எஞ்சினுக்கும் அளவான சூடு வேண்டும். அது இல்லாமல் பெட்ரோல் குடிக்கிறது என்று அழக் கூடாது.

ஆடி கடைசி ஞாயிறு காலை. பெரியப்பா ஓட்ட, நான் பக்கத்தில். பிற்பாடு மாட்டிய டெம்பரேச்சர் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன். தாம்பரம் மேம்பாலம். இரும்புலியூர். ஊசி நடுவில் நின்றது, நகரவில்லை. பெருங்களத்தூரில் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும். வாசலோரம் நிறுத்தியதும் செக்யூரிட்டி ஓடிவந்தார்.

"இங்க நிறுத்தக் கூடாது சார்."

"இது இங்கதாம்ப்பா பொறந்துச்சு."

அவர் காரைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார். "இது கம்ப்யூட்டர் கம்பெனி சார். கார்லாம் செய்றதில்ல."

அண்ணனுக்கு அங்கிருந்தே போட்டோ அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து, "ஆர்.டி.ஓ. செலவு எவ்வளவுன்னு சொல்லு, அனுப்பறேன்" என்று பதில் வந்தது.

பெரியப்பா இப்போது மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் அடியில் ஒரு நீல டிரம் வைத்திருக்கிறார். 2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னபோது மாட்டிய குழாய். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிக்க வேண்டும். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. கூலன்ட் கலந்தால் ரேடியேட்டருக்கு உத்தமம். ஐப்பசியில் டிரம் நிரம்பிய அன்றைக்கே வீட்டில் சண்டை. மழைத் தண்ணீரில் துவரம்பருப்பு பூவாக வேகும் என்று பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு குடம் பருப்புக்கு, மிச்சம் காருக்கு என்று பேசி முடித்திருக்கிறேன்.