தண்ணி

பெரியப்பாவின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் இருபத்தெட்டு வருஷம் போய்வந்த கூட்டத்தில் சாதி, சம்பளம், இனிஷியல் எதுவும் கேட்க மாட்டார்கள். பத்திரிகையில் பெயர் வரக்கூடாது என்பதும் அவர்கள் மரபு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அந்த அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், 1954-ல் யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தபோது அந்த மரபைச் சொல்லித்தான் மறுத்தார். பெரியப்பாவுக்குப் பட்டம் தர யாரும் வரவில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அங்கே ஃபிட்டர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள் என்பதால் இவ்வளவு சொல்வதில் தப்பில்லை.

குடித்த காலத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. சம்பள நாளில் பெரியம்மா கைக்குழந்தையோடு ஆர்மரி கேட்டில் போய் நிற்பார் என்பது தெரியும். பெரியப்பா வேறு வழியாக வெளியேறிவிடுவார் என்பதும் தெரியும். மற்றதெல்லாம் எல்லாக் குடிகார வீட்டிலும் நடப்பதுதான்: விற்ற அண்டா, உடைந்த ரேடியோ, பள்ளிக்கூடத்தில் கட்டாத ஃபீஸ்.

ஆனால் அவர் நிறுத்தாமலும் இல்லை. வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுவார். ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடமாட்டார். அதிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளியல், தரையில் படுக்கை, சின்னப் பையன்களைக்கூட “சாமி” என்று கூப்பிடுவது. மலையிறங்கி, மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழைய ஆள். “அந்த ஒரு மண்டலந்தான் என்னைக் கெடுத்துச்சு தம்பி,” என்று பின்னால் சொன்னார். “நெனச்சா நிறுத்த முடியுதே, அப்ப நான் நோயாளி இல்லன்னு அது எனக்குச் சர்டிபிகேட் குடுத்துக்கிட்டே இருந்துச்சு.” விட்டவனெல்லாம் முதல் நாளைப் பற்றிப் பேசுவான், நாற்பத்தொன்பதாம் நாளைப் பற்றி அவர் பேசித்தான் கேட்டிருக்கிறேன்.

கோயிலில் கயிறும் கட்டிப் பார்த்தார்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று சுவரில் எழுதியிருக்குமே, அந்த மருந்தையும் யாரோ பெரியம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். குழம்பில் கலந்தார். அன்று ராத்திரி முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, நெஞ்சு படபடக்க, வாந்தி வாந்தியாக எடுத்து, மனுஷன் போய்விடுவார் என்றே நினைத்தார்களாம். அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்ததோ. டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உடம்பில் இருந்தால் ஒரு வாய் மது போதும், இதே கூத்து நடக்கும். டாக்டர்கள் அதை நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கி, உடம்பைச் சோதித்துத்தான் தருவார்கள். அந்த விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பெரியப்பாவுக்கு வராது. “பாவம், உங்க பெரியம்மா வேற என்னதான் செய்வா?” என்பார்.

1991-ல் ஒரு நாள், யாரும் சொல்லாமல் தானாகவே நிறுத்தினார். மூன்றாம் நாள் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்க ஆரம்பித்தார். போர்வையில் எறும்பே இல்லை. கை நடுங்கியது, வலிப்பு வந்தது. வருஷக்கணக்காக மொடாக் குடியாகக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் இப்படி உயிருக்கே உலை வைக்கும் என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். அங்கேதான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, உபதேசம் ஒன்றும் செய்யாமல், தான் பெண்டாட்டி தாலியை அடகு வைத்த கதையைச் சொல்லிவிட்டுப் போனாராம். மறு வாரம் பெரியப்பா கூட்டத்துக்குப் போனார். சனிக்கிழமை சாயங்காலம், ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப்பிள்ளைகள் பெஞ்சு.

பில் வில்சன் கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். அமெரிக்காவில் அக்ரன் என்கிற ஊர் என்னவோ திருச்சி ஜங்ஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரி இருக்கும். 1935, மே மாதம். தொழில் விஷயமாக வந்த பில்லுக்குக் காரியம் கெட்டுப்போயிற்று. ஹோட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். குடியை விட்டு ஐந்தாறு மாசம்தான் ஆகியிருக்கிறது. குடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் இப்போதே இன்னொரு குடிகாரனிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. சர்ச்சுகளுக்குப் போன் போட்டுப் போட்டு, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் வீட்டுத் தொடர்பு கிடைக்கிறது. கால் மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர், ராத்திரி பதினொரு மணி தாண்டியும் எழுந்திருக்கவில்லை. ஜூன் 10-ல் டாக்டர் கடைசியாகக் குடித்தார். அதைத்தான் அமைப்பின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள்.

“இதுல கவனிக்கவேண்டியது என்ன தெரியுமா? டாக்டரைக் காப்பாத்தணும்னு பில்லு போகல. தன்னைக் காப்பாத்திக்கப் போனாரு.”

அதனால்தான் ராத்திரி யார் வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் பெரியப்பா கிளம்பிவிடுவார். முதலில் சைக்கிள், அப்புறம் டி.வி.எஸ். ஃபிஃப்டி. கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை எப்போதும் தொங்கும்: ஒரு கைலி, துண்டு, சோப்பு, தட்டு, டம்ளர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆளுக்காக. “முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறந்தான் கூட்டம்” என்பதில் விட்டுக்கொடுக்கமாட்டார். அவருக்கு எறும்பு ஞாபகம் இருந்தது.

அக்காவுக்கு, அதாவது அவர் மகளுக்கு, இதில் தீராத மனக்குறை உண்டு. பத்தாவது பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அப்பா எவனையோ தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். “குடிச்சப்பவும் வீட்ல இல்ல, விட்டப்புறமும் வீட்ல இல்ல” என்று அவள் சொன்னபோது பெரியப்பா பதில் பேசவில்லை. அவள் சொன்னது நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒன்று மட்டும் உண்டு. அவள் கல்யாணத்துக்கு, கடன் இல்லாமல், பி.எஃப். பணத்தை முழுசாக எடுத்து வைத்திருந்தார்.

குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டம் தனியாக உண்டு. பெரியம்மாவைக் கூப்பிட்டார்கள். “குடிச்சது அவரு, கூட்டத்துக்கு நான் போவணுமா?” என்று கேட்டதோடு சரி. அவருக்கு அவருடைய வழி. பெரியப்பா சாயங்காலம் வாசல்படி ஏறியதும் பெரியம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு வருவார். கொடுத்துவிட்டு நகரமாட்டார். அவர் குடித்து முடிக்கும்வரை முகத்துக்குக் கிட்டவே நிற்பார். மோந்து பார்க்கிறார் என்பது பெரியப்பாவுக்குத் தெரியும். தெரியும் என்பது பெரியம்மாவுக்கும் தெரியும். அவசரமில்லாமல் குடித்து, “ஹா” என்று ஒரு மூச்சு விட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார். இருபது வருஷம் கழித்து, இன்னுமா சந்தேகம் என்று கேட்டேன். “சந்தேகம் எல்லாம் இல்லடா. பழகிப்போச்சு,” என்றார் பெரியம்மா. நம் ஊரில் சாராயத்துக்கும் தண்ணி என்றுதானே பேர் வைத்திருக்கிறோம்.

2019-ல் பெரியப்பா மாரடைப்பில் போனார். சாவு வீட்டில் சரக்கு இல்லாமல் எப்படி என்று மாமா முறையில் ஒருவர் ஆரம்பித்தார். பந்தல் போடுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், ராத்திரி கண்விழிக்கிற உறவுக்காரப் பையன்கள் எல்லாருக்கும் தனியாகக் கவனிக்க வேண்டுமாம். அக்கா உள்ளேயிருந்து வந்தாள். “எங்கப்பா காசுல ஒரு கட்டிங்கூடப் போவாது” என்றாள். அவள் அப்படி “எங்கப்பா” என்று சொல்லி நான் கேட்டது குறைவு. பெரிய அடுப்பில் டீ போட்டார்கள். பறை அடித்தவர்கள் கூலியோடு டீயையும் வாங்கிக்கொண்டு பேசாமல் அடித்தார்கள். முணுமுணுத்தவர்கள் சொந்தக்காரர்கள்தான்.

கூட்டத்து ஆட்கள் முப்பது பேருக்கு மேல் வந்து ஓரமாக நின்றார்கள். மதியத்துக்குமேல் ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். பெரியப்பா பதினோரு வருஷமாக விடாமல் வீடு தேடிப் போன ஆள். நாலு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாலு தடவையும் திரும்பக் குடித்தவன். உள்ளே வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதான். பையன்கள் அவனைப் பிடித்து வெளியே தள்ளப் போனார்கள்.

பெரியம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். நடுக்கத்தில் பாதி சட்டையில் சிந்தியது. அவன் குடித்து முடிக்கும்வரை கிட்டவே நின்றிருந்துவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.